விளையாட்டிற் பிறந்த கதை

வீடியோ விளையாட்டைத் தொலைக்காட்சிக் கதையாக்குமிடத்து இழக்கப்படுவது ஒன்றுண்டு; அஃது ஆடும் சிறுவனின் தெரிவு. அவ்விழப்பை ஈடுசெய்தலே தழுவலாசிரியன் கடன்.

1996 இல் யப்பானில் விளையாட்டாக வெளிவந்த போக்கிமோன், 1997 இல் சிறுவர் தொடராயிற்று. விளையாட்டிலே, பந்தெறிந்து பிடித்த உயிரி ஆடுவோனுக்காகப் போரிடும். தொடரிலோ, துயிலெழத் தாமதித்த ஆஷ் என்னும் சிறுவனுக்குக் கிடைத்த பிகாச்சு, பந்தினுள் அடங்க மறுக்கின்றது. சினந்த பறவைக் கூட்டத்தின் முன் தன் உடலையே அரணாக்கி நின்றபோதே அவன் அதன் நட்பைப் பெறுகின்றான். பிடித்தல் அன்பாக மாறிய அவ்விடமே தொடரின் வெற்றியாம்.

ஆயினும், கள்வர் கூட்டம் மீண்டும் மீண்டும் வந்து தோற்றோடும் பிற்பகுதிகளில் அவ்வுணர்வு மெலிகின்றது. நம் கூத்துமரபை அறிந்தோர் இக்குறையை எளிதில் உணர்வர்: கதை பழையதாயினும், மெய்ப்பாடு உயிருடையதாயின் அவை உறங்காது. கைபேசி விளையாட்டை விட்டுத் திரைமுன் அமரும் நம் சிறுவர்க்கு வேண்டுவதும் அதுவே.