குணசாலி என்றொரு சொல்

அக்காவின் திருமணத்தில் போதகர் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை வாசித்தார். குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதி அது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கன்னம் வீங்கி அவள் அம்மா வீட்டுக்கு வந்தபோது, பெரியவர்களும் அதே சொல்லைத்தான் எடுத்தார்கள்: “குணசாலியா இருந்து குடும்பத்தைக் காப்பாத்தும்மா.”

அந்த இடத்தில் எபிரேய மூலத்தில் இருப்பது ‘ஹயில்’. வலிமை, ஆற்றல், செல்வம், படை என்று பொருள் விரியும் சொல். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தில் கிதியோனை அழைக்க இச்சொல் வருகிறது. தேவாலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமம் அவனைப் பராக்கிரமசாலி என்கிறது. ரூத்தின் புத்தகத்தில் போவாசுக்கு வருகிறது. அவன் ஆஸ்திக்காரன் ஆகிறான். அதே போவாஸ் அதே சொல்லால் ரூத்தைப் பாராட்டும்போது, அவள் குணசாலி ஆகிறாள். இடம் பார்த்துப் பொருள் கொள்வது மொழிபெயர்ப்பாளரின் வேலைதான். இங்கே பால் பார்த்துப் பொருள் கொண்டிருக்கிறார்கள். ஆணுக்கு வீரமும் சொத்தும், பெண்ணுக்குக் குணம்.

ரூத் கணவனை இழந்து, அந்நிய ஊருக்கு வந்து, வயலில் கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றியவள். நீதிமொழிகளின் பெண்ணோ நிலம் பார்த்து வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். தைத்ததை வணிகர்களிடம் விற்கிறாள். எபிரேய எழுத்துகளின் வரிசையில் அமைந்த அந்த 22 வசனங்களில், அடியைப் பொறுத்துப்போ என்று ஒரு வசனமும் இல்லை.

இதனாலேயே அந்தக் கவிதையைப் பெண்விடுதலைப் பாட்டு என்று நான் கொண்டாடிவிட மாட்டேன். அவள் இருட்டோடு எழுந்து உழைக்க, கணவன் ஊர்வாசலில் மூப்பர்களோடு உட்கார்ந்திருக்கிறான். அவள் வீட்டு வேலைக்காரிகளுக்குக் கவிதையில் ஒரு வார்த்தைப் புகழ்கூட இல்லை. ஆனாலும், அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுக்கச் சொல்லித்தான் கடைசி வசனம் முடிகிறது. திருமண மேடைகளில் அந்த வசனத்துக்கு விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இந்தப் பெண்ணைத் ‘திறமை வாய்ந்த’வள் என்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பழகிய சொல் வேதாகமத்துக்கு வெளியே வீடுகளிலும் குடியேறிவிட்டது.

அக்கா திரும்பிப் போகவில்லை. தையல் மெஷின் வாங்கினாள். இன்று மூன்று பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறாள். அவளைக் குணசாலி என்று ஊரில் இப்போது யாரும் சொல்வதில்லை. மூலத்தில் இருக்கும் சொல் அவளுக்குச் சரியாகவே பொருந்துகிறது.