பள்ளிக் கதையும் காட்டிக்கொடாமையும்

ஆங்கிலேயரின் உறைவிடப் பள்ளி வாழ்வு பற்றி எழுந்த நூல்கள் பல. அவற்றுள் தாமஸ் ஹியூஸ் இயற்றிய 'டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்' (1857) என்னும் புதினத்தையும், ஜார்ஜ் ஆர்வெல் தம் இளமையை நினைந்து வரைந்த நெடுங்கட்டுரையையும் ஒருங்கு வைத்து நோக்குவோர், முன்னது புகழுரை, பின்னது பழியுரை எனப் பிரித்து அமைவர். இப்பிரிப்புப் பிழையன்று, ஆயினும் போதாது. யார் யாரிடம் எதனைச் சொல்லலாம் என்னும் வரையறையிலேதான் இவ்விரண்டும் முதன்மையாக வேறுபடுகின்றன என்பது நம் துணிபு. கூற்று யாருடையது என முதற்கண் வினவும் பயிற்சி நமக்குத் தொல்காப்பியர் காலந்தொட்டு உண்டாதலின், அவ்வழியே நோக்குவோம்.

'பப்ளிக் பள்ளி' எனப்படுவன பெயரளவிலேயே பொதுப் பள்ளிகள். செல்வர் மக்களே பெரும்பாலும் பயின்றவை. 1861-இல் அமைக்கப்பெற்ற கிளாரண்டன் ஆணையம் ஆராய்ந்த ஒன்பது பள்ளிகளுள் ரக்பி ஒன்று. அங்கே 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக விளங்கிய தாமஸ் ஆர்னால்டு, விடுதி ஒழுங்கைக் காக்கும் பொறுப்பை மேல்வகுப்பு மாணவரிடமே பெரிதும் விட்டிருந்தார். சிறுவர் மூத்தோர்க்கு ஏவல் செய்தல் வழக்கம். ஹியூஸ் அவரிடம் பயின்றவர். தம் நூலைப் பெயர் சுட்டாது, 'பழைய மாணவர் ஒருவர்' என்றே முதலில் வெளியிட்டார்.

அந்நூலில் கற்றோர் மறவாத காட்சி ஒன்று உண்டு. குதிரைப் பந்தயச் சீட்டில் தனக்கு விழுந்த நற்குதிரையை விற்க மறுத்தமைக்காக, ஃபிளாஷ்மன் என்னும் மூத்த மாணவனும் அவன் கூட்டத்தாரும் டாமை எரியும் கணப்பின் முன் நிறுத்தி வாட்டுகின்றனர். சிறுவன் மயங்கி விழுகின்றான். விடுதியைப் பேணும் அம்மையார் வினவியும் நடந்ததைச் சொல்கிலன். தோழரைக் காட்டிக்கொடாமை அவனுக்கு உயிரினும் பெரிது. இவ்வளவும் பாத்திரத்தின் பண்பு எனலாம்.

ஆசிரியர் செய்வது என்ன என்பதை உற்று நோக்குதல் வேண்டும். ஃபிளாஷ்மன் பின்னர்ப் பள்ளியினின்றும் நீக்கப்படுகின்றான். ஆயின் சிறுவனைச் சுட்டதற்காக அன்று, குடித்து வந்தமைக்காக! செய்த கொடுமை தலைமையாசிரியர் செவியை எட்டியதாக நூல் காட்டவில்லை. ஆர்தர் என்னும் மென்மையான சிறுவனை டாமின் பொறுப்பில் விடுத்ததே டாம் திருந்துதற்பொருட்டு ஆர்னால்டு செய்த சூழ்ச்சி என நூலின் இறுதியில் அறிகின்றோம். நன்மையை அத்துணை நுட்பமாக வகுக்கத் தெரிந்தவர், தம் விடுதிக் கணப்பின் முன் நிகழ்ந்ததை அறியாதிருப்பது எங்ஙனம்? அறிந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்னும் வினா நூலில் எழவே இல்லை. டாம் காத்த வாய்மூடலைக் கதையமைப்பும் காக்கின்றது. பழைய மாணவர் பழைய மாணவராகவே எழுதியுள்ளார்.

ஆர்வெல் 1911-இல், எட்டாம் வயதில், ஈஸ்ட்போர்ன் நகரிலுள்ள ஆயத்தப் பள்ளி ஒன்றிற் சேர்ந்தார். உறக்கத்தில் படுக்கையை நனைத்ததற்காக அடியுண்டார். வலிக்கவில்லை என்று தோழரிடம் சொன்னது கேட்கப்பட்டு, குதிரைச் சவுக்கு முறியும்வரை மீண்டும் அடியுண்டார். அடியைச் சொல்வதில் வியப்பில்லை. அதனைப் பிறரும் சொல்லியுள்ளனர். அவ்வடி தனக்குத் தகும் என அச்சிறுவன் நம்பியதைச் சொல்வதே கட்டுரையின் உயிர்நிலை. தன் விருப்பமின்றி நிகழ்வதும் பாவமாகலாம், தவிர்க்க இயலாததற்கும் தண்டம் உண்டு என்று அவன் தெளிகின்றான். டாமின் உலகில் குற்றத்திற்குக் கழுவாய் உண்டு, இங்கே இல்லை. குறைந்த கட்டணத்தில் பயில்வதைத் தலைமையாசிரியர் குத்திக்காட்டும்போது, நன்றியும் வெறுப்பும் ஒருங்கே எழுந்து சிறுவனை அலைக்கும் பகுதி, நாம் படித்த தன்வரலாற்று உரைநடையுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

இவை மிகைபடக் கூறியன என்பார் உளர். அப்பள்ளியில் உடன் பயின்ற சிரில் கானலி 1938-இல் எழுதிய நூலில் கடுமையோடு நன்மையும் கண்டார். இளமைத் தோழியான ஜசிந்தா படிகம் 1974-இல் வெளியிட்ட நினைவுநூலில், எரிக் துயருற்ற சிறுவனல்லன் என்று மறுத்தார். இம்மறுப்பால் கட்டுரை வீழ்ந்துவிடாது. மறைக்கக் கற்ற பிள்ளையின் துயரத்தை விடுமுறைத் தோழர் அறியாமை இயல்பே. நாம் காணும் குறை வேறு. செல்வர் மக்கள் அடியினின்றும் தப்புவதையும், வலியோர் எளியோரை ஆள்வதே உலகநெறியாகத் தோன்றியதையும் விரிக்குமிடத்துச் சிறுவனின் கூற்று மறைந்து, அரசியல் கற்ற நாற்பது வயதினரின் கூற்று புகுந்துவிடுகின்றது. நனைந்த படுக்கை தானே சொல்லாததை அவர் சொற்பொழிவு சொல்லிவிடவில்லை.

ஆயினும் சொன்னார் என்பதே பெரிது. அவதூறுச் சட்டத்திற்கு அஞ்சி அக்கட்டுரை அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1950-இல் அவர் மறைந்தபின், 1952-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் பள்ளியின் பெயர் மாற்றி அச்சாயிற்று. பிரித்தானியாவில் 1968 வரை பொறுக்க வேண்டியதாயிற்று. விடுதிச் சிறுவர் தமக்குள் வகுத்த காட்டிக்கொடாமையை நாட்டின் சட்டமே மேற்கொண்டது போலும்!

ஹியூஸின் நூல் முடிவில், ஆர்னால்டு மறைந்த செய்தி கேட்டு டாம் தனியே பள்ளிக் கோயிலுக்குச் சென்று, அவர் அடக்கம் பெற்ற இடத்தில் முழந்தாளிடுகின்றான். ஆர்வெல்லோ தாம் அப்பள்ளிக்கு மீளச் சென்றதில்லை என்கின்றார். அக்கட்டடம் எரிந்துபோயிற்று என்னும் செய்தி கேட்டும் தமக்குப் பகையுணர்வு எஞ்சவில்லை என்று எழுதுகின்றார். முன்னதை நாம் முற்றும் நம்புகின்றோம். பின்னதை, அதற்கு முன்னுள்ள பக்கங்களைப் படித்த பிறகு, நம்ப இயலவில்லை.