'மீட்பு' என்றொரு சொல்: வரையாடு, புல், வனத்துறை

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டு, 25.14 கோடி ரூபாய். கணக்கெடுப்பு, கழுத்தில் ரேடியோ பட்டை, நோய்க்குச் சிகிச்சை, ஆடு அற்றுப்போன பழைய இடங்களில் கொண்டுபோய் விடுவது, அப்பர் பவானிப் பக்கம் சோலைப் புல்வெளியைத் திரும்ப உண்டாக்குவது, சூழல் சுற்றுலா, வருஷா வருஷம் அக்டோபர் 7இல் வரையாடு தினம் என்று பட்டியல் நீள்கிறது. மாநில விலங்கு, பழந்தமிழ் இலக்கியத்தில் வருவது என்கிற பெருமையும் சேர்த்தியாக உண்டு. இதை வேண்டாம் என்று சொல்ல நமக்கொன்றும் காரணமில்லை. வரையாடு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையோடு சரி.

நமது கேள்வி 'மீட்பு' என்கிற சொல்லைப் பற்றியது. வீட்டில் நகையை மீட்கப் போகிறார்கள் என்றால் அதை வைத்தது யார், எந்தக் கடையில், வட்டி யார் கட்டினது என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். இயற்கையை அரசு மீட்கிறபோது மட்டும் இந்தக் கேள்விகள் அநாகரிகமாகிவிடுகின்றன. பாதுகாப்புச் சொல்லாடலின் வாக்கியங்களைக் கவனியுங்கள்: வாழிடம் சுருங்கியது, அந்நியத் தாவரம் பரவியது. தானாகச் சுருங்கியதாம், தானாகப் பரவியதாம். சுருக்கியவனும் பரப்பியவனும் இலக்கணத்திலேயே இல்லை.

வரையாட்டுக்கு வேண்டியது மரமல்ல, புல். செங்குத்துப் பாறையை ஒட்டிய உயர்மலைப் புல்வெளி. காடு என்றால் மரம் என்று பழகின கண்ணுக்கு அது காடாகப் படவில்லை. வரி போட அங்கே பயிர் இல்லை, வெட்டி விற்க மரமும் இல்லை. ஆக, அது தரிசு. இந்த வகைப்படுத்தல்தான் முதல் வன்முறை, மண்வெட்டி பிறகுதான் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே வாட்டிலும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்துவிட்டன. மலையில் சீகை மரம், கற்பூர மரம் என்பார்கள். அதுவரை வெள்ளைக்காரன் கதை. ஆனால் புல்வெளியை மலை மலையாக மூடினது சுதந்திர இந்தியாவின் ஐந்தாண்டுத் திட்டங்கள். சீகைப் பட்டை தோல் பதனிட. கற்பூர மரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாக. 'காடு வளர்ப்பு' என்றே அதற்குப் பெயர். நட்டது வனத்துறை. இன்று பிடுங்குவதற்கு நிதி பெறுவதும் அதே வனத்துறைதான். பழனி மலையில் 1973க்குப் பின் நாற்பதாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாக 2018இல் வெளிவந்த செயற்கைக்கோள் ஆய்வு சொல்கிறது. ஒரு தோட்டாகூடச் செலவில்லை.

தோட்டாக் கதையும் இருக்கிறது. 1879இலேயே நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. துரைமார் சுடுவதற்கு ஆடு மிச்சமிருக்க வேண்டும், அதுதான் அக்கறை. இன்று ஒரே இடத்தில் வரையாடு அதிகமாக இருக்கும் மூணாறின் இரவிகுளம்கூட தேயிலைத் தோட்டத் துரைகளின் வேட்டைக்களமாக இருந்து 1978இல் தேசியப் பூங்கா ஆனதுதான். அங்கே முதுவர்களின் உழைப்பைக் கொண்டு புல்லைத் திட்டுத்திட்டாக எரித்துப் பராமரிக்கிற வழக்கம் உண்டு. இந்தப் பக்கம் தொதவர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததும் அதுதான்: வறட்சியில் பழம்புல்லை எரிப்பது, துளிர்த்தால் எருமை மேய்வது. 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச்சட்டம் ஒதுக்குக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. ஒரே தீ, எரிப்பவனைப் பொறுத்து ஒரு பக்கம் நிர்வாகம், இன்னொரு பக்கம் குற்றம்.

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஆதிவாசியே காட்டின் காவலன், அவன் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நாம் எழுதுவதும் ஒருவகைச் சோம்பல்தான். புல்வெளியை உண்டாக்கினவர்களே தொதவர்கள்தான் என்று வாதிட்டால் ஜெயிக்க முடியாது. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் ஓங்கியிருந்ததைக் காட்டிவிட்டது. காட்டை அழித்ததால் வந்த புல் என்று சொன்ன அதிகாரிகளின் கதையும் இதே ஆய்வில் அடிபடுகிறது, அது வேறு. பழையபடி தீ வைத்தால் போதும் என்பதும் நடக்காது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலும், தீ பட்டாலும் மொத்தமாக முளைக்கும். நன்றாக முற்றிய சீகைத் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் வருகின்றன, அதை விட்டுவிட்டு மிச்சமிருக்கிற புல்வெளியின் ஓரத்தைக் காப்பாற்றுங்கள் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், வருஷா வருஷம் குனிந்து கன்று பிடுங்குகிற கை வேண்டும். ஐந்தாண்டுத் திட்டத்தின் காலமும் விதையின் காலமும் ஒத்துப்போகவில்லை. பிடுங்குகிற கை அந்த மலையில் குடியிருக்கிற கையாக, அந்தப் புல்லால் பிழைக்கிற கையாக இருந்தாலொழிய 2027க்குப் பிறகு அங்கே யாரும் இருக்கப்போவதில்லை.

அந்த மக்களைத் தினக்கூலியாகவும், சுற்றுலாவில் காட்சிப்பொருளாகவும் கொண்டுவருவது திட்டங்களுக்குச் சுலபம். உரிமையாளராகக் கொண்டுவருவதில்தான் சிக்கல். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது நீதிமன்றத் தடையால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. அந்தச் சட்டத்தில் தனிநபர் பட்டா மட்டுமல்ல, காட்டைப் பாதுகாக்கவும் பராமரிக்கவுமான சமூக உரிமையும் இருக்கிறது. வரையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. இதைப் பேசுகிற நாம் வரையாட்டைப் பேசுவதில்லை.

ஆட்டை எண்ணுகிறார்கள். 2024இல் தமிழ்நாட்டில் 1,031, 2025இல் 1,303. இதில் பிறந்தது எத்தனை, எண்ணுகிற கை தேறினதால் கூடினது எத்தனை என்று பிரித்துப் பார்க்காமல் வெற்றி என்று கொட்டடிப்பதில் அர்த்தமில்லை. எண்ணாத ஒன்றும் இருக்கிறது. தொதவர் கோயிலுக்குக் கூரை வேய ஒரு புல் உண்டு. சதுப்பில்தான் வளரும், வேறு புல்லை வைத்து வேய முடியாது. சதுப்புகள் தோட்டமாகவும் மரக்காடாகவும் அணைத் தண்ணீராகவும் போனதில் அதைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சரிவில் எந்த வருஷம் எந்த மரம் நட்டார்கள், அதற்கு முன் அங்கே எந்த மந்தின் எருமை மேய்ந்தது, எந்தச் சதுப்பில் அந்தப் புல் இருந்தது என்பதை ஒரே வரைபடத்தில் போட்டு மந்துகளின் கிராம சபைமுன் வைக்கட்டும். நட்டதற்கான பதிவேடுகள் வனத்துறையிடமே இருந்தாக வேண்டும்.