வாயேஜர் தொடரில் குடும்பப் பிணைப்பும் இல்லம் மீளலும்

பிரிந்து சென்றவன் இல்லம் மீளும் கதை மிகப் பழைய கதையாகும். ஹோமர் பாடிய ஒடிசியஸ், ட்ராய்ப் போர் முடிந்தபின் பத்தாண்டுகள் அலைந்து இத்தாக்கா வந்து சேர்ந்தான். தமிழில் முல்லைத் திணைத் தலைவன் வினைமுடித்துத் தேரேறி, பாகனை விரைவுபடுத்திக்கொண்டு மீள்கின்றான். இரு மரபுகளிலும் இல்லம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கின்றது; அங்கே ஒருத்தி காத்திருக்கின்றாள். ஆனால், ஒரு மனிதரின் வாழ்நாள் முழுதும் காத்திருந்தாலும் போதாத தொலைவு ஏற்பட்டுவிட்டால் அக்காத்திருத்தல் என்னவாகும்? இவ்வினாவை முதலாகக் கொண்டு ஏழு பருவங்கள் நடந்த அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்று உண்டு. ரிக் பெர்மன், மைக்கேல் பில்லர், ஜெரி டெய்லர் ஆகிய மூவர் உருவாக்கிய 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' என்பதே அது. 1995 சனவரியில் அமெரிக்காவின் யு.பி.என். தொலைக்காட்சியில் தொடங்கி, 172 பகுதிகளாக வளர்ந்து, 2001 மே மாதத்தில் நிறைவுற்றது.

கதை 24ஆம் நூற்றாண்டில் நிகழ்கின்றது. மாக்கி எனப்படும் கலகக்காரர்களின் கலமொன்றைத் தேடிப் புறப்பட்ட வாயேஜர் விண்கலம், புரியாத ஓர் ஆற்றலால் பால்வெளியின் மறுகோடிக்கு, 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், இழுத்தெறியப்படுகின்றது. உச்ச வேகத்தில் ஓயாது சென்றாலும் பூமியை அடைய 75 ஆண்டுகள் ஆகும். உடனே திரும்புவதற்கும் ஒரு வழி இருந்தது. ஆயினும் அதற்குரிய கருவி கொடியவர் கையில் சிக்கினால் ஓர் எளிய இனமே அழியும் என்று கருதி, கலத்தலைவி கேத்தரின் ஜேன்வே அதனைத் தன் ஆணையாலேயே தகர்த்துவிடுகின்றாள். பிறருடைய இல்லத்தைக் காப்பதற்காகத் தன் மக்களின் இல்லத்தை இழப்பித்தவள் அவள். அக்குற்ற உணர்வே தொடர் முழுவதும் அவளை உந்திச் செல்கின்றது. துரத்தியவர்களும் துரத்தப்பட்டவர்களும் ஒரே கலத்தில் ஒரே பணியாளராக வாழ நேர்ந்த நிலை அரிய கதைக்கரு. அதனைச் சில பகுதிகளிலேயே தீர்த்துவிட்டு மேலே சென்றது ஆசிரியர் குழுவின் அவசரம் என்றே சொல்லவேண்டும்.

இத்தொடரில் விந்தை உயிர்களுக்கும் விண்போர்களுக்கும் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை பார்த்தவுடன் மறந்துபோகக் கூடியவை. மறவாது நிற்பவை கடிதங்களே. முதற் பருவத்தில், 'ஐ ஆஃப் த நீடில்' என்ற பகுதியிலேயே அதற்கு அடிகோலப்படுகின்றது. மிக நுண்ணிய புழுத்துளை ஒன்றின் வழியே ரோமுலன் இனத்து அறிவியலாளன் ஒருவனோடு தொடர்பு கிட்டுகின்றது. ஆனால் அவன் இருபதாண்டுகள் முந்திய காலத்தைச் சேர்ந்தவன். கலத்தினர் தம் உற்றாருக்கு எழுதிய கடிதங்களை அவனிடம் ஒப்படைக்கின்றனர். இருபதாண்டுகள் காத்திருந்து உரியவர்களிடம் சேர்ப்பதாக அவனும் ஒப்புக்கொள்கின்றான். அவன் சென்றபின்னரே, வாயேஜர் புறப்படுவதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே அவன் இறந்துபட்டான் என்ற செய்தியை டூவாக் வெளியிடுகின்றான். கடிதங்கள் போய்ச் சேர்ந்தனவா என்பதைக் கதை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே அப்பகுதியின் சிறப்பு.

நான்காம் பருவத்தில், 1998இல் வந்த 'ஹண்டர்ஸ்' என்னும் பகுதி இத்தொடரின் உச்சங்களுள் ஒன்று. அயலார் அமைத்த செய்தி நிலையமொன்றில் சிக்கிக் கிடந்த கடிதங்கள் துண்டு துண்டாக மீட்கப்படுகின்றன. வீட்டுச் செய்திக்காக மூன்றாண்டுகளுக்கு மேல் ஏங்கியிருந்தவர்களுக்கு அக்கடிதங்கள் மகிழ்ச்சியை மட்டுமா கொண்டுவருகின்றன? உணர்ச்சியை வெளிக்காட்டாத வல்கன் இனத்தவனான டூவாக், தான் பாட்டனாகிவிட்டதை அறிகின்றான். பெயர்த்திக்கு அவன் தாயின் பெயரே இடப்பட்டுள்ளது. இளைஞன் ஹாரி கிம் பெற்றோரின் கடிதத்திற்காகப் பொறுமையிழந்து அலைகின்றான். மாக்கியினரான சகோட்டேயும் பெலானாவும் பெறுவது வேறு வகைச் செய்தி: அவர்களுடைய தோழர்கள் அனைவரும் ஏறத்தாழ அழிக்கப்பட்டுவிட்டனர். மீள்வதற்கு அவர்களுக்கு ஊர் உண்டு, உறவு இல்லை. ஜேன்வேக்கு வந்தது, மணம் பேசியிருந்த மார்க்கின் கடிதம். கலம் அழிந்தது என்று உலகம் முடிவு கட்டிய பின்னும் நெடுநாள் நம்பியிருந்தவன், இறுதியில் வேறொருத்தியை மணந்துகொண்டான். அதை அவள் படிக்கும் காட்சியில் கேட் மல்குரூ அழுது அரற்றவில்லை. அவளுடைய நாய் ஈன்ற குட்டிகளுக்கு அவன் இடம் தேடிக்கொடுத்த செய்தியும் அதே கடிதத்தில் இருக்கின்றது. பெருந்துயரையும் சிறுசெய்தியையும் ஒரே தாளில் வைக்கும் இவ்வுத்தி, உண்மையான கடிதங்களின் இயல்பை அறிந்த கை எழுதியது.

அப்பகுதியிலேயே இன்னும் நுட்பமான இடம் டாம் பாரிசைப் பற்றியது. விண்படையின் உயர்தலைவரான தந்தையின் பெருமைக்குக் களங்கம் விளைவித்துச் சிறை சென்று வந்தவன் அவன். தனக்கு எவர் கடிதமும் வேண்டியதில்லை என்று வீறாப்புப் பேசுகின்றான். தந்தையின் கடிதம் வந்துகொண்டிருக்கின்றது என்று அறிந்ததும் அவ்வீறாப்பு உடைகின்றது. முழுதும் மீட்கப்படுமுன் நிலையம் அழிந்துபோகின்றது. தந்தை அவனை நேசிப்பதாகவும் அவனைப் பற்றிப் பெருமை கொள்வதாகவும் எழுதிய ஒரு பகுதி மட்டும் கிடைத்தது என்று பெலானா சொல்கின்றாள். அவள் கண்டதைச் சொன்னாளா, அவனுக்காகச் சொன்னாளா என்னும் ஐயம் பார்ப்போர் மனத்தில் எழாமற் போகாது.

கடிதங்களை அடுத்துப் போற்றத்தக்கது, பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிய 'லினியேஜ்' என்ற பகுதியாகும். இது 2001இல் வெளிவந்தது. பெலானா பாதி மனிதப் பெண். பாதி க்ளிங்கான் என்னும் மறக்குடியினள். மனிதரான தந்தை அவள் சிறுமியாக இருந்தபோதே குடும்பத்தைவிட்டு அகன்றவர். எங்களோடு வாழப் பிடிக்காவிட்டால் போய்விடலாமே என்று ஒரு முகாமில் சினந்து அவள் சொல்ல, பன்னிரண்டு நாள்களில் அவர் சென்றுவிட்டார். அச்சொல்லை அவள் வாழ்நாளெல்லாம் சுமக்கின்றாள். தன் வயிற்றில் வளரும் பெண்மகவின் நெற்றி மேடும் க்ளிங்கான் சாயலும் கணவன் பாரிசையும் ஒருநாள் அவ்வாறே விரட்டிவிடும் என அஞ்சி, குழந்தையின் மரபணுக்களையே மாற்ற முயல்கின்றாள். அதற்காகக் கலத்து மருத்துவரின் நினைவு நிரலிலும் கைவைக்கின்றாள். செயல் கொடியது, அதன் வேர், கைவிடப்பட்ட ஒரு சிறுமியின் அச்சம். விண்வெளிக் கதைக்குரிய மரபணு மாற்றம் என்னும் கருவி இங்கே அலங்காரமாக நில்லாமல், தாயின் உள்ளத்தைத் திறக்கும் சாவியாகின்றது. இத்தகைய பொருத்தம் தொடரில் எங்கும் வாய்த்துவிடவில்லை. 1997இல் வந்த 'ரியல் லைஃப்' பகுதியில் ஒளியுருவான மருத்துவர் தமக்கென ஒரு குடும்பத்தைப் புனைந்து, அதில் மகளின் சாவைச் சந்திக்கும் கதை நெஞ்சைத் தொடுவதே. ஆயினும் அக்குடும்பத்தைப் பின்னர் எவரும் நினைவுகூர்வதாகத் தெரியவில்லை. மகளை இழந்தவர் அடுத்த வாரமே பழைய நகைச்சுவையோடு வருவது, தொலைக்காட்சி வணிகத்தின் கொடுமை.

இல்லம் மீளலின் மறுபக்கத்தைக் காட்டும் பகுதி 2000இல் வந்த 'சைல்ட்ஸ் ப்ளே'. போர்க் என்னும் எந்திர மனிதக் கூட்டத்திடமிருந்து மீட்கப்பட்ட ஈசெப் என்ற சிறுவனை அவனைப் பெற்றவர்களிடம் சேர்ப்பிக்கின்றனர். தாய் தந்தையர் அன்போடு ஏற்கின்றனர், உணவு படைக்கின்றனர். பின்னர் உண்மை வெளிப்படுகின்றது: பகைவரை அழிக்கும் நோயைத் தாங்கும் கருவியாகவே அவனை அவர்கள் உருவாக்கியிருந்தனர், மீண்டும் பகைவர் வழியிலேயே அவனை அனுப்பிவிடுகின்றனர். அவனை மீட்டுக் கொணர்பவள் செவன் என்பவள். தாமும் பெற்றோரின் ஆராய்ச்சி வேட்கையால் ஆறு வயதில் போர்க்கிடம் பறிகொடுக்கப்பட்டவள் ஆதலின், பெற்றவர் என்ற ஒரு காரணத்தாலேயே எவரையும் நம்ப அவள் ஒருப்படவில்லை. குருதி உறவைப் போற்றும் தொடரில் அவ்வுறவையே ஐயுறும் இக்குரலும் ஒலிப்பது பாராட்டுக்குரியது.

இவ்வாறு பிரிவின் துன்பத்தைப் பல கோணங்களில் அறிந்த தொடர், முல்லைக்கு உரிப்பொருளாகிய இருத்தலை அறியவில்லை. பூமியில் காத்திருந்தவர்களின் பக்கத்திலிருந்து கதை சொல்லப்படுவது மிக அரிது. மார்க் முதற்பகுதியில் திரையில் சற்றே தோன்றியதோடு சரி. அதன்பின் அவன் ஒரு மாயத் தோற்றமும் ஒரு கடிதமுமே. டூவாக்கின் மனைவி மாயத் தோற்றமாகவும் போலி உருவமாகவும் வந்தாளேயன்றி, அவளுடைய நாள்கள் எவ்வாறு கழிந்தன என்பது காட்டப்படவில்லை. வயிற்றில் கருவோடு கலமேறிய சமந்தா வைல்ட்மேனின் கணவன் ஒருமுறையேனும் முகம் காட்டவில்லை. விதிவிலக்காக அமைவனவற்றுள் ஒன்று 1999இல் வந்த 'பாத்ஃபைண்டர்'. அதில் பூமியிலிருந்து வாயேஜரைத் தேடி, பணியையும் இழக்கத் துணிந்து, இறுதியில் தொடர்பு கொள்பவன் பார்க்லே என்னும் தனியன். கலத்தில் அவனுக்கு உறவினர் எவருமில்லை. காத்திருந்த குடும்பங்களுள் ஒன்றன் வழியாக இக்கதையைச் சொல்லத் தோன்றாமல், உறவற்ற ஒருவன் வழியாகச் சொல்லத் தோன்றியது விந்தையே.

இக்குறை முழுமையாக வெளிப்படுவது இறுதிப் பகுதியாகிய 'எண்ட்கேம்' என்பதில். 23 ஆண்டுகள் பயணம் செய்து பூமி சேர்ந்த முதிய ஜேன்வே, 2404ஆம் ஆண்டிலிருந்து 26 ஆண்டுகள் பின்னோக்கி வந்து, கலத்தை முன்னதாகவே வீடு சேர்க்க முயல்கின்றாள். எஞ்சிய வழியில் செவனும் வேறு பலரும் மாண்டனர். டூவாக்கின் மூளை நோய் முற்றி அறிவு கலங்கியது. அந்நோய்க்கு மருந்து, ஊரிலுள்ள அவன் குடும்பத்தவர் ஒருவரின் மனத்தோடு மனம் இணைதல். குடும்பப் பிணைப்பையே மருந்தாக்கிய இக்கற்பனை ஒன்றிற்காகவே அப்பகுதியை எழுதியவர்களை வாழ்த்தலாம். ஆனால் முதியவளின் முயற்சி வென்றால் அந்த 26 ஆண்டுகளும் இல்லாமற்போகும் அல்லவா? கலத்தில் பிறந்த சிறுமி நேவோமி அவ்வெதிர்காலத்தில் வளர்ந்து, தன் சிறு மகளோடு விருந்துக்கு வருவதைத் தொடக்கத்தில் காண்கிறோம். அக்குழந்தையின் கதி என்ன? இறந்தவர்களை மீட்கப் பிறந்தவர்களைத் துடைத்தெறியும் இவ்வறச் சிக்கலை, காலத்தின் விதிகளைப் பற்றிய சில உரையாடல்களோடு கதை கடந்துபோகின்றது. முதற்பகுதியில் அயல் மக்களுக்காக வீட்டையே துறந்த ஜேன்வேயோடு இவளை ஒப்பிட்டால், தொடர் எவ்வளவு தொலைவு விலகி வந்துவிட்டது என்பது விளங்கும்.

கலம் பூமியின் வாயிலில் வந்து நிற்கின்றது. செய்தித் திரையில் விண்படைத் தலைவர்கள் தோன்றுகின்றனர். அவர்களுள் ஒருவர் டாம் பாரிசின் தந்தை. கடிதத்தில் பாதியில் அறுந்த சொற்களுக்குக் காத்திருந்த மகனும் தந்தையும் எதிரெதிரே இருக்கின்றனர். இருவரும் ஒரு சொல் பரிமாறிக்கொள்ளவில்லை. நிகழ்ந்தவை அறிக்கையில் வரும் என்று ஜேன்வே சொல்ல, உரையாடல் முடிகின்றது. உடனே மருத்துவ அறையிலிருந்து பிறந்த குழந்தையின் அழுகுரல் கேட்க, பாரிஸ் தன் மகளைக் காண ஓடுகின்றான். அவன் விட்ட இருக்கையில் சகோட்டே அமர்கின்றான். வீட்டை நோக்கிக் கலத்தைச் செலுத்துமாறு ஜேன்வே பணிக்கின்றாள். திரை இருள்கின்றது. தந்தையை மறக்கும் கணத்திலேயே அவன் தந்தையாகின்றான் என்று இதற்கு நயம் கூறலாம். முல்லைப் பாட்டும் பல வேளைகளில் தேர் வழியில் இருக்கும்போதே முடிந்துவிடுகின்றது என்று வாதிடுவாரும் இருக்கலாம். ஆனால் அங்கே தலைவியின் காத்திருப்பைப் பாடிய பாடல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. தேர் வந்து சேர்வதைக் கேட்போர் உள்ளமே நிறைவு செய்துகொள்ளும். காத்திருந்தவர்களை ஏழு பருவங்களிலும் பெரும்பாலும் மறைத்தே வைத்த தொடருக்கு அவ்வுரிமை இல்லை.

இதனோடு ஒப்புநோக்க, அதற்குச் சில வாரங்களுக்கு முன் வந்த 'ஹோம்ஸ்டெட்' மேலானது. போரில் உற்றார் அனைவரையும் இழந்து கலத்தில் சமையற்பணி செய்துவந்த நீலிக்ஸ், தன் இனத்தவர் வாழும் சிற்றூரை ஒரு விண்பாறைக்குள் காண்கின்றான். அங்கே ஒரு கைம்பெண்ணும் அவள் மகனும் அவனுக்குக் குடும்பமாகின்றனர். அவன் விடைபெறும்போது கலத்தினர் இருபுறமும் வரிசையாக நிற்க, அவனுடைய நகைச்சுவையை என்றும் பொருட்படுத்தாத டூவாக், காலை மட்டும் ஓரிரு முறை ஆட்டி, அவன் நெடுநாள் வேண்டிய நடனத்தை ஆடிக் காட்டுகின்றான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வீடு திரும்பல் என்பதைப் பற்றித் தொடர் எடுத்த காட்சிகளுள் தலைசிறந்தது, பூமியைச் சேராத ஒருவனுக்கு, பூமியிலிருந்து பல்லாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் நேர்கின்றது.

நேவோமியின் நிலையும் அதைப் போன்றதே. அவளுக்குக் கலமே பிறந்த ஊர். நீலிக்ஸ் அவளுடைய ஞானத்தந்தை. மற்றவர் அனைவரும் திரும்பிச் செல்லும் இடத்திற்கு அவள் முதன்முறையாகச் செல்கின்றாள். அங்கே, தன் மகளை ஒருமுறையும் தூக்கியறியாத தந்தை ஒருவன் நின்றிருக்கவேண்டும். அச்சந்திப்பைக் காட்ட மூன்று நிமிடங்கள் போதும். போர்க் அரசியின் கோட்டை வெடித்துச் சிதறும் காட்சிக்கு அதனினும் மிகுதியான நேரம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது.