பருப்பு எந்தக் கணக்கில்?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைப் பற்றி யோசித்திருப்பார்கள்? டி.பி. வந்தவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு என்று மாதக்கணக்கில் படுக்க வைப்பார்களே, அந்த மாதிரி இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர். 'இதெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம்' என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது நம்ம சென்னைதான்.

1956-ல் இங்கே ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். 193 ஏழை நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில், மீதிப் பேர் அவரவர் வீட்டில். எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் மட்டு, ஓய்வும் மட்டு. 1959-ல் வெளியான முடிவு எல்லோரையும் அசத்தியது. குணமானதில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டதால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

அருமையான ஆராய்ச்சி. லட்சக்கணக்கானவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்து எங்கோ கிடக்க வேண்டிய அவசியம் போச்சு. ஆனால் அதிலிருந்து ஒரு தப்பான பாடத்தையும் சேர்த்துப் படித்துவிட்டார்கள். 'மருந்து ஒழுங்காகக் கொடுத்தால் போதும், சோறு முக்கியமில்லை' என்ற பாடம். அந்த ஆராய்ச்சி கேட்ட கேள்வி, 'சானடோரியம் தேவையா?' என்பதுதான். 'பட்டினி கிடக்கிற குடும்பத்தில் அடுத்து யாருக்கு நோய் வரும்?' என்று அது கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க 2019 ஆகிவிட்டது. ஜார்கண்டில் நாலு மாவட்டங்களில் 'ரேஷன்ஸ்' என்ற ஆராய்ச்சியை டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழுவினர் தொடங்கினார்கள். 2,800 நோயாளிகள். அவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் 10,345 பேர். நோயாளிகள் அத்தனை பேருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் உண்டு. வீட்டிலுள்ள மற்றவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. இன்னொரு பிரிவுக்கு அது கிடையாது.

முடிவு 2023-ல் 'லான்செட்' இதழில் வந்தது. உணவு கிடைக்காத 4,724 பேரில் 122 பேருக்கு டி.பி. வந்தது. உணவு கிடைத்த 5,621 பேரில் 96 பேருக்கு. மொத்தத்தில் நோய் 39 சதவிகிதம் குறைவு. சளிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் டி.பி.யை மட்டும் எடுத்தால் 48 சதவிகிதம். எந்தப் புது மருந்தும் இல்லை சார், அரிசியும் பருப்பும்தான்.

ஆராய்ச்சியில் குறையே இல்லையா? இருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவிகிதம் எடை கூடிய நோயாளிகளிடம் மரண ஆபத்து 61 சதவிகிதம் குறைந்தது என்று இன்னொரு கட்டுரையில் சொன்னார்கள். பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. ஆனால் நோயாளிகள் எல்லோருக்குமே உணவு கொடுத்ததால், கொடுக்காத கோஷ்டி என்று ஒப்பிட யாருமில்லை. தேறக்கூடியவருக்குத்தான் எடையும் ஏறியிருக்கலாம் அல்லவா? அந்த 61-ஐ சற்று நிதானமாகத்தான் படிக்க வேண்டும். 39 அப்படியல்ல. அது நேருக்கு நேர் ஒப்பிட்டு வந்த எண்.

பி.காம். படித்தவன் அடுத்து விலைதான் கேட்பான். நோயாளிக்கு மாதம் சுமார் 1,100 ரூபாய், வீட்டிலுள்ளவருக்குத் தலைக்கு 325 ரூபாய். 2019 விலைவாசியில். ஒருவருக்கு டி.பி. வராமல் தடுக்க 111 பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்கிறது ஆராய்ச்சி. ஆறு மாதத்துக்கு நான் பெருக்கிப் பார்த்தேன். சுமார் 2.16 லட்சம். "ஒரு ஆளுக்கா இவ்வளவு?" என்று யாராவது புருவத்தைத் தூக்கலாம். ஒரு ஆள் இல்லை ஐயா, 111 பேர் ஆறு மாதம் சாப்பிட்டிருக்கிறார்கள். மிச்சம் 110 பேர் சாப்பிட்டதை நஷ்டக் கணக்கில் எழுதுகிற ஆடிட்டர் எவரும் இருக்க முடியாது.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2018-லிருந்தே நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நல்ல விஷயம். ஆனால் ஆராய்ச்சி நிரூபித்தது எதை? குடும்பத்தாருக்குக் கொடுத்த உணவு நோயைத் தடுக்கும் என்பதை. அந்தக் குடும்பத்தாரை எங்கே சேர்த்திருக்கிறார்கள்? 2022-ல் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில். அதாவது, மனமுள்ள தனிநபரோ நிறுவனமோ தத்தெடுத்து உணவுப் பை வாங்கிக் கொடுப்பது. 2024-ல் நோயாளியின் வீட்டாரையும் அதில் சேர்த்தார்கள். நோயாளிக்கு வருவது அரசின் வரவு செலவுக் கணக்கில். அவர் பிள்ளைக்கு வருவது தர்மக் கணக்கில். கொடையாளி கிடைத்த ஊரில் பருப்பு வேகும். கிடைக்காத ஊரில்?

தர்மம் செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் தடுப்பூசிக்கு நாம் கொடையாளியைத் தேடுவதில்லையே. 39 சதவிகிதம் நோயைத் தடுக்கிற பொருள் வேறு எதுவாக இருந்தாலும், அதை பட்ஜெட்டில் போட்டு, டெண்டர் விட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். இது பருப்பு என்பதால்தான் இளக்காரம்.

வழியும் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் ரேஷன் கடையில் ஏற்கெனவே உண்டு. பருப்பு அந்தச் சட்டத்தில் இல்லை. யார் வீட்டில் டி.பி. இருக்கிறது என்ற பட்டியலும் அரசிடமே இருக்கிறது. அந்த வீட்டுக்கு ஆறு மாதம் கூடுதலாக அரிசியும், தலைக்கு ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுக்கச் சொல்லி ஒரு உத்தரவு போட்டால் போதும்.

சென்னையில் 193 பேர் சொன்னதைக் கேட்டு உலகமே சானடோரியத்தை மூடியது. ஜார்கண்டில் 10,345 பேர் சொன்னதைக் கேட்டு ஒரு ரேஷன் கார்டில் ஒரு வரி சேர்க்கக் கூடாதா?