சீத்தாப்பூவின் நான்கு கோலம்

பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலையில் பெருமாளை நான்கு கோலத்தில் சேவிக்கலாம். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணராக நிற்கிறார். மலையேறினால் நரசிம்மராக அமர்ந்தும், அரங்கநாதராகப் பள்ளிகொண்டும், உலகளந்தவராக நடந்தும் காட்சி தருகிறார். ஒன்றே நான்காகி, நான்கும் வேறுவேறாக நிற்கும் இந்த அழகு சீத்தாப்பூவுக்குள்ளும் உண்டு. பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.

பெரும்பாலான செடிகளில் மகரந்தத் துகள்கள் தனித்தனியாக உதிரும். சீத்தாவில் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டே உதிர்கின்றன. நான்கும் ஒரே தாய் செல்லின் குன்றல் பகுப்பில் பிறந்தவை. மற்ற செடிகள் கலைத்துவிடும் கூட்டத்தைச் சீத்தா கலைக்காமல் வைத்திருக்கிறது.

அவை பிறக்கும் விதம் இன்னும் அழகு. சீத்தாவின் செல்லில் 14 குரோமோசோம்கள்: தாய்வழி 7, தந்தைவழி 7. தாய் செல் அவற்றை ஒரு முறை படியெடுத்துக்கொண்டு இரண்டு முறை பிரிகிறது. அவசரப்படுவதில்லை. முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையைத் தேடி, அதன் நெடுகிலும் ஒட்டிக்கொள்கிறது. அந்த நெருக்கத்தில் இரண்டும் அங்கங்கே அறுந்து, துண்டு மாற்றிக்கொண்டு மறுபடி இணைகின்றன. பாடப்புத்தகத்தில் இதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர். துண்டு மாறிய அந்த முடிச்சுதான், பிரியும் நேரம்வரை இணையைச் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் எதிரெதிர்த் திசை நோக்கி நிறுத்துகிறது. முடிச்சு விழாத இணை, இரண்டுமாக ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிடக்கூடும். கலக்க வைப்பதும் முறையாகப் பிரிய வைப்பதும் ஒரே முடிச்சு! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

பிரியும்போது தாய்வழி எந்தப் பக்கம், தந்தைவழி எந்தப் பக்கம் என்பது இணைக்கு இணை தற்செயல். 7 இணைகளுக்கே 128 வகைச் சேர்க்கை. மனிதரின் 23 இணைகளுக்கு 83,88,608. துண்டு மாற்றத்தையும் சேர்த்தால் எண்ணி மாளாது.

மொட்டிலிருந்து மகரந்தப்பையை எடுத்து, சாயமேற்றி, நசுக்கி, குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணுவது கண்ணைக் கேட்கும் வேலை. கோவையில் கரும்பை ஆராய்ந்த ஈ.கே. ஜானகி அம்மாள், 1945-இல் சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களுக்கான குரோமோசோம் அட்லஸையே வெளியிட்டார். கடைசிக் காலத்தில் சென்னையை ஒட்டிய மதுரவாயலில், பல்கலைக்கழகக் கள ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1984-இல் மறைந்தார்.

கோலத்துக்குக் கோலம் பெருமாள் முழுமையாக இருக்கிறார். மகரந்தத் துகளோ பாதிதான். மறுபாதிக்கு இடம் விட்டே பிறக்கிறது. சூலுக்குள் நடக்கும் பகுப்பிலும் நான்கு பிறக்கின்றன. ஆனால் மூன்று மடிய, ஒன்றே நிலைக்கிறது.

சீத்தாப்பழத்தில் ஒரு சுளைக்கு ஒரு விதை. ஒவ்வொரு விதைக்கும் தனித்தனித் துகள். ஆகவே ஒரே பழத்து விதைகளை வரிசையாக ஊன்றினாலும் மரத்துக்கு மரம் இனிப்பும் சதைப்பற்றும் மாறும். தின்ற பழத்தின் ருசியே மறுபடி வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான் வாங்கவேண்டும். புது ருசி வேண்டுமென்றால் விதை போடலாம்.