வண்ணத்துக்கும் தடிமன் உண்டு

வீடியோ விளையாட்டில் கையில் பிடித்து இயக்கும் கருவிக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். 2005-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் 360 விற்பனைக்கு வந்தது. அதன் வெண்ணிறக் கன்ட்ரோலரைக் கழற்றி, ஸ்பிரே டப்பாவைக் கொண்டு விரும்பிய நிறம் பூசிக்கொள்வது அங்குள்ள இளைஞர்களிடையே ஒரு பொழுதுபோக்காயிற்று. இதற்கெனச் செய்முறைக் குறிப்புகளும் ஏராளமாக எழுதப்பட்டுள்ளன. அவற்றை இயற்பியல் மாணவரின் கண்கொண்டு படித்தால் எவ்வளவு தேறும் என்று பார்ப்போமா?

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். கழற்றும் முறையை இக்குறிப்புகள் நன்றாகவே விளக்குகின்றன. இந்தக் கன்ட்ரோலரில் ஏழு திருகுகள் உண்டு. அவற்றின் தலையில் நட்சத்திர வடிவக் குழியும் நடுவே ஒரு சிறு முளையும் இருப்பதால் சாதாரணத் திருப்புளி பயன்படாது. ஏழாவது திருகு மின்கல அறையில் ஒட்டுச்சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. இதை அறியாமல் நெம்பி, ஓட்டை உடைத்துக்கொள்பவர்களும் உண்டு.

குறை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வண்ணம் பூசுவதென்றால் நிறத்தை மாற்றுவது மட்டுமே என்பதுபோல் இவை எழுதப்பட்டிருக்கின்றன. வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலையில் கன்ட்ரோலரின் நிறம் பிளாஸ்டிக்கை உருக்கும்போதே அதில் கலக்கப்படுகிறது. எவ்வளவு சுரண்டினாலும் உள்ளேயும் அதே நிறம்தான். நாம் பூசும் வண்ணமோ மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தோல். தோல் என்றால் அதற்குத் தடிமன் உண்டல்லவா?

ஒரு பூச்சு காய்ந்தபின் 20 மைக்ரான் நிற்கிறது என்று கொள்வோம். பிரைமர் இரண்டு, நிறம் மூன்று, கிளியர் மூன்று என்று எட்டுப் பூச்சு அடித்தால் 160 மைக்ரான், அதாவது 0.16 மில்லிமீட்டர் ஆகிறது. இரண்டு தலைமயிரின் தடிமன்தானே என்று தோன்றலாம். ஆனால் பொத்தானுக்கும் அது ஏறி இறங்கும் துளைக்கும் இடையே உள்ள சந்து எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். துளையின் உட்சுவரில் பாதியளவே படிந்தாலும் 0.08, பொத்தானின் பக்கத்தில் இன்னொரு 0.08; ஆகச் சந்தில் 0.16 மில்லிமீட்டர் அடைபட்டுவிடுகிறது. அழுத்திய பொத்தான் மேலே வராமல் சிக்கிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். இது மின்சுற்றின் பழுதன்று. வெறும் கழித்தல் கணக்கு. துளைகளின் உட்புறத்தை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள், பொத்தான்களின் பக்கங்களில் வண்ணம் படாமல் பாருங்கள் என்று சொல்லாத குறிப்பு பாதிக் குறிப்பே.

அடுத்தது, எல்லாக் குறிப்புகளும் மந்திரம்போல் ஓதும் ஒரு வரி: 'மெல்லிய பூச்சாகப் பல தடவை அடியுங்கள்.' இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. செங்குத்தாக நிற்கும் பரப்பில் ஈர வண்ணம் தன் எடையால் கீழே வழியும். படலத்தின் தடிமன் இரு மடங்கானால் அதன் மேற்பரப்பு வழியும் வேகம் நான்கு மடங்காகும். ஆகவே மெல்லிதாக அடி என்கிறார்கள். சரிதான். ஆனால் தெளிக்கப்பட்ட துளிகள் மேடுபள்ளமாகவே வந்து விழுகின்றன. அவற்றைச் சமப்படுத்துவது பரப்பு இழுவிசை. மேடுபள்ளங்களின் இடைவெளியும் வண்ணத்தின் பாகுநிலையும் மாறாதவரை, இந்தச் சமப்படுதலின் வேகம் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிமனைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் கரைப்பான் ஆவியாகி, வண்ணம் இறுகிப்போய், ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு நிலைத்துவிடுகிறது. டப்பாவை மிகத் தொலைவில் பிடித்தால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து, பொடியாக வந்து ஒட்டும். அப்போது பரப்பு இழுவிசைக்கு வேலையே இல்லை.

இந்த இக்கட்டிலிருந்து மீள ஓர் எளிய வழி இருக்கிறது. ஓட்டைக் கம்பியில் தொங்கவிடாமல் மேசைமேல் மல்லாத்திக் கிடத்தி அடியுங்கள். படுத்திருக்கும் பரப்பில் வழிதல் மிகக் குறைவு. எனவே கடைசிப் பூச்சைச் சற்று ஈரமாகவே அடிக்கலாம். வளைந்த ஓரங்களில் மட்டும் கை சிக்கனமாக இருக்கட்டும். மழைக்காலம் என்றால் இன்னொரு தொல்லை. கரைப்பான் ஆவியாகும்போது படலம் குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் பனிபோல் படிந்து, வெளுத்த மூட்டம் தோன்றுகிறது. அன்றைக்கு வேலையை ஒத்திப்போடுவதே நல்லது.

ஒட்டுதலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கை எண்ணெய் போகச் சோப்பு நீரில் கழுவி, நயமான உப்புத்தாளால் தேய்த்தால் போதும். அசிட்டோனால் மட்டும் துடைக்காதீர்கள். இத்தகைய ஓடுகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அசிட்டோன் அதைக் கரைத்தே விடும். தொட்டால் ஒட்டாத நிலையையும் முழுதாய் இறுகிய நிலையையும் ஒன்றென எண்ணுவதும் தவறு. முன்னது சில நிமிடங்களில் வந்துவிடும். பின்னதற்கு நாட்கள் ஆகும். அலமாரிக்குப் பூசிய வண்ணத்தை யாரும் மணிக்கணக்கில் வியர்த்த விரலால் தேய்ப்பதில்லை. கன்ட்ரோலரின் நிலை அப்படியன்று.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது உடல்நலத்தைப் பற்றிய அலட்சியம். 'முகமூடி அணியவும்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எந்த முகமூடி? தூசிக்கான துணி முகமூடி துளிகளில் ஒரு பகுதியைத் தடுக்கும். டொலுவீன், சைலீன் முதலியவற்றின் ஆவியைத் தடுக்காது. அதற்குச் செறிவூட்டிய கரி அடைத்த முகமூடி வேண்டும். குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களை ஸ்பிரே டப்பாக்களில் பயன்படுத்துவதைப் பெரும்பாலும் அமெரிக்கா 1978-இல் தடை செய்தது. இன்று டப்பாவிலிருந்து வண்ணத்தை வெளியே தள்ளுபவை பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன், டைமெத்தில் ஈதர் போன்றவை. மூன்றும் எரியும், மூன்றும் காற்றைவிடக் கனமானவை. மூடிய அறையின் தரையில் தேங்கிக் கிடக்கும் இவற்றுக்கு ஒரு சிறு பொறி போதும்.

கண்ணாடிபோல் பளபளக்கும் என்று சிலர் பரிந்துரைக்கும் இருகலவைக் கிளியர் இதைவிடக் கொடியது. டப்பாவின் அடியில் உள்ள குமிழை அழுத்தினால் உள்ளே தனியாக அடைத்திருக்கும் இறுக்கி கலக்கிறது. பல வகைகளில் அந்த இறுக்கி ஐசோசயனேட் ஆகும். ஆஸ்துமாவை உண்டாக்கும் பொருள் இது. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சைத் திணறவைக்கும். தொழிற்கூடங்களில் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று தரும் முகமூடியுடன் இதைத் தெளிக்கிறார்கள். பதினைந்து வயதுப் பையன் வீட்டுப் பின்கட்டில் அடிக்கத்தக்க பொருளா இது? இதைப் பரிந்துரைக்கும் குறிப்பை ஒதுக்கிவிட்டு, சாதாரண அக்ரிலிக் கிளியரை வாங்கித் திறந்தவெளியில் அடியுங்கள். பளபளப்பு சற்றுக் குறையும். விளையாட ஒரு வாரம் பொறுக்கவும் வேண்டும்.